சூரைச்செடியின் அடியில்



அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கெஞ்சுகிறார். முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அவருடைய மன்றாட்டுக்கு விண்ணிலிருந்து நெருப்பு இறங்கியது. அப்படிப்பட்டவர் இப்படிச் சோர்ந்து கிடக்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, "உன் விசுவாசம் எங்கே?" என்றும் கேட்கவில்லை. வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் உறங்க விடுகிறார். மீண்டும் எழுப்பி உண்ணச் சொல்கிறார். பேச்சுவார்த்தை எல்லாம் பிறகுதான், ஓரேபு மலையில்.

அயல்நாட்டு மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் உழைக்கும் நம் அருள்சகோதரிகளையும் குருக்களையும் நினைக்கும்போது இந்தப் பகுதி நம் மனத்தில் நிற்கிறது. அவர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்களா என்று கேட்பதில்லை.

தொழுநோயாளரின் திருத்தூதர் என்று நாம் போற்றும் புனித தமியானை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். 1873-ஆம் ஆண்டு மே மாதம், தம் 33-ஆம் வயதில், ஹவாய்த் தீவுகளில் மொலோக்காயில் இருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்றார். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மற்ற மூன்று பக்கமும் கடல். அந்த மக்களின் மொழியைப் பேசினார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார். புண்களின் வாடையைத் தாங்கப் புகைக்குழாய் பிடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புனிதர்களுக்கும் மூக்கு உண்டு அல்லவா!

ஆனால் அவரை அதிகம் வாட்டியது வாடை அல்ல, தனிமை. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். கரையிறங்க அவருக்கு அனுமதியில்லை. தமியான் படகில் சென்று, கீழே நின்றபடியே, மேல்தளத்தில் நின்றவரிடம் உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம்மோடு இருக்க ஒரு குருவை அனுப்பும்படி திரும்பத் திரும்ப எழுதினார். இடையில் வந்த ஓரிருவரோடு ஒத்துப்போகவில்லை, அவர்கள் போய்விட்டார்கள். 1880-களின் நடுவில் அவருக்கும் தொழுநோய் கண்டது. அவர் பிடிவாதக்காரர் என்று மேலாளர்கள் சலித்துக்கொண்டார்கள். பிடிவாதம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் தனியே சுமப்பவர் இனிமையாகப் பேசவில்லை என்று குறைப்படுவது நமக்கு நியாயமாகப் படவில்லை. ஜோசப் டட்டன் என்ற பொதுநிலையினர் 1886-இலும், அன்னை மரியான் கோப் தம் சகோதரிகளோடு 1888 நவம்பரிலும் வந்து சேர்ந்தார்கள். 1889 ஏப்ரல் 15 அன்று தமியான் இறந்தார். துணை வந்தது, ஆனால் மிகவும் தாமதமாக.

இன்று கடிதம் போக மாதங்கள் ஆவதில்லை. ஆனால் சுமை மாறவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும் இரவில் ஆக்சிஜன் உருளை ஒன்றுதான் இருக்கிறது. யாருக்கு வைப்பது? முடிவெடுத்த சகோதரி மறுநாள் காலை வழக்கம்போல் திருப்பலிக்கு வருகிறார். இறந்த குழந்தையின் தாய் அழுகையோடு சொல்லும் சொற்களில் பாதிதான் அவருக்குப் புரிகிறது. தம் துயரத்தை அந்த மொழியில் சொல்லவும் அவருக்கு வார்த்தை இல்லை. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, செபிக்க உட்கார்ந்தால் மனம் வெறுமையாக இருக்கிறது. தீராத பணி அழுத்தத்தால் மனிதர் இப்படி வற்றிப்போவதை உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டு நூலில் விளக்கியிருக்கிறது; அதை ஒரு நோய் என்று சொல்லாமல், வேலையிலிருந்து எழும் நிலை என்றே சொல்கிறது. அப்படியானால் வேலையின் அமைப்பையும் மாற்ற வேண்டும் அல்லவா? "இன்னும் செபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது போதாது. ஓய்வு நாள் வேண்டும், கூடப் பணிசெய்யத் துணை வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்குகிறவரின் விசுவாசத்தை நாம் சந்தேகிப்பதில்லையே!

நம் பங்குகளிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் தொலைநாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். விடுமுறைக்கு அவர்கள் ஊர் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? வந்த மறுநாளே மறையுரைக்கு அழைக்கிறோம், வீடு வீடாகக் கூட்டிப்போகிறோம், ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்கிறோம். பெற்றோரே, முதல் வாரம் அவர்களைத் தூங்க விடுங்கள். பிடித்த குழம்பு வைத்துக் கொடுங்கள். தொலைபேசியில் பேசும்போது, "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, நாமே "நன்றாக இருப்பாய்" என்று பதிலும் சொல்லி முடித்துவிட வேண்டாம். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராவிட்டாலும், இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள்.