ஏர் அவிழ்க்கும் நேரம்



நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் உழவர்கள் விடியுமுன் ஏர் பூட்டுவார்கள். வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். பாதி நிலம் உழாமல் கிடந்தாலும், மாடுகளை நிழலுக்கு ஓட்டிச் செல்ல அவர்கள் தயங்கியதில்லை. மாட்டுக்குக் காட்டிய அந்தப் பரிவை நாம் நம் மனத்துக்குக் காட்டுகிறோமா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பள்ளி ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பகலில் வகுப்பு, இரவில் தாள்கள். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணி கடந்தபின், ஒரே விடையை மூன்று முறை படித்தும் மனத்தில் ஏறவில்லை. "விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள், மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் என் மனைவி. "இன்னும் பத்துத் தாள்தான்" என்றேன்.

அந்தப் பத்தில் ஒன்று ஒரு மாணவியின் தாள். தாளில் 43 என்று கூட்டியவன், பட்டியலில் 34 என்று எழுதிவிட்டேன். தேர்ச்சிக்கு வேண்டியதோ 35. வகுப்பில் மதிப்பெண்களைப் படித்தபோது அவள் தலைகுனிந்தாள். பிறகு இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் தன் தாளை என் மேசைமீது வைத்து, "ஐயா, இதில் 43 என்று இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். பட்டியலைத் திருத்தினேன். அந்த இரண்டு நாட்களை எப்படித் திருத்துவது?

அதுவரை, கண் விழிப்பதே கடமையுணர்ச்சி என்று எண்ணியிருந்தேன். ஓய்வெடுக்க எனக்கு நானே இசைவு தராததே அப்பிழையின் வேர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மனக்களைப்பு வெறும் சோம்பலின் சாக்கு அன்று. இத்தாலியில் தூரின் நகரத்து உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோஸோ, களைப்பைப் பற்றிய தம் நூலை 1891-ல் வெளியிட்டார். விரலால் எடையைத் தூக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்திருந்தார். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரை, மாணவர்களை வாய்மொழியாகத் தேர்வு செய்வதற்கு முன்னும் பின்னும் சோதித்தார். தேர்வுக்குப் பின் விரலின் ஆற்றல் குறைந்திருந்தது. அவர் உட்கார்ந்து கேள்வி கேட்டவரேயன்றி மண்வெட்டி பிடித்தவர் அல்லர்!

2022-ல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மனப்பணி செய்தோரை ஆராய்ந்தனர். அவர்களுடைய மூளையின் முன்பகுதியில் குளுட்டமேட் என்னும் பொருள் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. எளிதில் உடனே கிடைக்கும் சிறு பயனையே அவர்கள் மிகுதியாக நாடினர் என்றும் கண்டனர். களைத்த மனம் வேலையில் மட்டுமின்றி முடிவெடுப்பதிலும் தடுமாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஐந்து மணி நேர வேலைக்குள் தொழிலாளிக்கு அரைமணி இடைவேளை தரவேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. வீட்டு மேசையில் தாள் திருத்துபவனுக்கும், நோயாளியின் தலைமாட்டில் விழித்திருக்கும் தாய்க்கும் அவ்வாறு மணியடிப்பார் எவருமில்லை. அம்மணியை நாமே அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் மேற்கொண்ட வழி எளியது. வேலை தொடங்குமுன்பே நிறுத்தும் நேரத்தைக் குறித்துவிடுகிறேன். படித்ததையே மீண்டும் படிக்க நேர்ந்தால், அந்நேரம் வருமுன்பே தாளை மூடிவிடுகிறேன். கைப்பேசியைப் புரட்டுவதை ஓய்வு என்று எண்ணுவதில்லை. திண்ணையில் சற்று உட்கார்கிறேன், அல்லது தெருமுனைவரை நடந்து வருகிறேன். தாயைப் போல் வேலையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒரு வேளையேனும் மாற்றாளாக நிற்கவேண்டும். அவர்களும் அதைக் கூசாமல் கேட்டுப் பெறவேண்டும். ஓய்வெடுத்தும் தெளியாமல், வாரக்கணக்கில் உறக்கமும் ஊக்கமும் குன்றினால், மருத்துவரை நாடுவதே முறை.

இப்போதும் தேர்வு முடிந்தால் மேசைமீது தாள்கள் குவிகின்றன. குறித்த நேரம் வந்ததும் விளக்கை அணைக்கிறேன். மீதித் தாள்கள் காலைவரை காத்திருக்கின்றன. அதனால் எந்தக் குழந்தைக்கும் இதுவரை தீங்கு நேர்ந்ததில்லை.