பிட்யூட்டரிக் கட்டிகளும் ஹார்மோன் பரிசோதனையும்
(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் வழங்கிய கட்டடத்தில் உருவான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மூளை, நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை நாடிக் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இந்நகருக்கு வருகின்றனர். அவர்களுள் பிட்யூட்டரிக் கட்டியுடையோர் அறுவைக்கு முன்னர்க் கடக்க வேண்டிய படி ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மூளையின் அடியில், பட்டாணி அளவில் அமைந்தது பிட்யூட்டரி. பிற நாளமில்லாச் சுரப்பிகள் பலவற்றை ஆள்வது இதுவே. இதில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் பார்வை நரம்பை அழுத்தக்கூடும். ஹார்மோனை மிகையாகச் சுரக்கவும் கூடும். கட்டியின் அளவையும் இடத்தையும் எம்.ஆர்.ஐ. படம் காட்டும், அது எதைச் சுரக்கிறது என்பதை இரத்தமே கூறும். நுண்ணளவிலுள்ள ஹார்மோனை அளக்கும் கதிரியக்க நோயெதிர்ப்பு முறையை யாலோவும் பெர்சனும் உருவாக்கினர். அதற்காக 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார்.

சுரக்கும் கட்டிகளில் மிகுதியானது புரோலாக்டின் வகை. மாதவிலக்கு நின்று, மகப்பேறின்றியே மார்பில் பால் சுரக்கும் பெண், கட்டி இருப்பதறியாமல் மலட்டுத்தன்மைக்கென ஆண்டுக்கணக்கில் மருந்துண்ணக்கூடும். அவருக்குத் தேவைப்படுவது ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே. புரோலாக்டின் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் இவ்வகைக் கட்டி என்ற ஐயம் வலுப்பெறும். இதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டுவதில்லை. கேபர்கோலின் மாத்திரையால் கட்டியே சுருங்குகிறது.

எனினும் எண்ணை மட்டும் நம்புதல் தவறு. கருவுற்ற நிலை, தைராய்டு குறைவு, சில மனநோய் மருந்துகள், வாந்தியடக்கும் மருந்துகள் ஆகியவற்றாலும் புரோலாக்டின் உயரும். எதையும் சுரக்காத பெரிய கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்தினாலும் ஓரளவு உயரும். அதற்கு மாத்திரை பயன்படாது. மாறாக, ஹார்மோன் அளவுக்கு மீறி மிகுந்திருந்தால் சில பரிசோதனை முறைகள் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எனவே, பெரிய கட்டியுடையோரின் இரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மீண்டும் அளத்தல் நன்று.

மோதிரம் இறுகி, செருப்பு சிறுத்து, முகம் பருப்பவரிடம் வளர்ச்சி ஹார்மோனை ஒருமுறை அளந்து முடிவு கூற இயலாது; அது வேளைக்கு வேளை ஏறியிறங்கும். ஐ.ஜி.எஃப்-1 அளவு மிகுந்திருப்பின், 75 கிராம் குளுக்கோஸ் பருகச் செய்து இரண்டு மணி நேரம் கண்காணிப்பர். நலமுடையோரிடம் வளர்ச்சி ஹார்மோன் தாழும். கட்டியுடையோரிடம் போதிய அளவு தாழாது. கார்ட்டிசால் மிகையென ஐயுற்றால், இரவில் ஒரு மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் தந்து மறுநாட்காலை அளப்பர். பிட்யூட்டரியே காரணம் என மேற்பரிசோதனைகள் உறுதிசெய்யின், இவ்விரு வகைக்கும் பொதுவாக அறுவையே முதற் சிகிச்சை.

மிகையைப் போலவே குறையையும் அறிதல் வேண்டும். கார்ட்டிசால் குறைந்தவரை அதற்கு மருந்து தராமல் அறுவைக்கு உட்படுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியதில்லை. முறைப்படி எடுத்த இரத்த மாதிரி பயணம் செய்யலாம். மாவட்ட மருத்துவமனைதோறும் மாதிரி சேகரித்து, தரமான ஆய்வகத்திற்கு அனுப்பி, முடிவை விரைந்து பெறும் ஏற்பாடு இருப்பின், மாத்திரையால் குணமாகக்கூடியவர் அறுவை மேசைக்குச் செல்வதைத் தவிர்க்கலாம்; அறுவை தேவைப்படுபவர் பார்வையிழக்கும் முன்னரே உரிய இடம் சேரலாம்.