விமானத்தின் இதயம்



பெங்களூரில் வாழும் நாம் தலைக்குமேல் கேட்கும் விமான ஓசை ஒரு பெருங்கலையின் குரலாகும். காற்றியல், உடலமைப்பு, எஞ்சின், கட்டுப்பாடு என்னும் நான்கு அங்கங்கள் கொண்டது விமானப் பொறியியல். ஒன்று குன்றினும் மற்றவை பயன் குன்றும்.

இதற்குச் சான்று இவ்வூரிலேயே உண்டு. 1961 ஜூன் 17 அன்று இங்கே முதன்முறையாகப் பறந்த மாருத் போர்விமானம், ஒலியினும் இருமடங்கு வேகம் கருதி வரையப்பெற்றது. உடல் சிறப்பாய் அமைந்தது. ஏற்ற எஞ்சின் வாய்க்கவில்லை. கருதிய வேகம் கைகூடவில்லை. 2001 ஜனவரி 4 அன்று பறந்த தேஜசும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே எழுந்தது.

உலோகமே உருகும் வெப்பத்தினூடே, உருகாது சுழலும் தகடுகளை ஆக்குவதே எஞ்சின் கலையின் அருமை. உடலைச் சமைத்தோம், இதயத்தைச் சமைப்பது நம் மக்கள் கடனாகும். ஆண், பெண் என்ற வேற்றுமையின்றி அவர்களை இத்துறைக்கு ஊக்குவிப்போமாக!