சிறு கையும் ரொட்டி மாவும்

ரொட்டி என்பது நம் ஊர்களில் நெடுங்காலம் கடையில் வாங்கும் பண்டமாகவே இருந்து வந்தது. காய்ச்சல் கண்டவருக்கு அதைப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். அவசரமாக ஊருக்குப் புறப்படுகிறவர்கள் ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார்கள். இட்டலி மாவைப் புளிக்கவைப்பதில் கைதேர்ந்த நம் வீடுகள், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் வேலையைப் பேக்கரிக்காரரிடமே விட்டுவிட்டன. 2020ஆம் ஆண்டில் இந்த வழக்கம் சிறிது மாறியது. கொரோனா நோய் பரவுவதைத் தடுக்க அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. முதலில் 21 நாள் என்றார்கள். பின்னர் அது மே மாத இறுதி வரை நீண்டது. வெளியே செல்ல வழியில்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே புதிய வேலைகளைத் தேடிக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று ரொட்டி சுடுதல்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்நாட்களில் கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் கிடைப்பது அரிதாயிற்று. ஆலைகளில் மாவு இல்லாமற் போகவில்லை. பேக்கரிகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பிப் பழகிய ஆலைகளால், வீடுகளுக்கு வேண்டிய சிறு பைகளை அத்தனை விரைவில் நிரப்பித் தர இயலவில்லை.

பெரியவர்கள் சுட்ட ரொட்டியைப் பற்றிச் சொல்லுவது இன்று என் நோக்கம் அன்று. அவர்கள் அடுக்களையில் நின்றபோது அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தளர்நடை நீங்கி, அப்பொழுதுதான் ஓடப் பழகிய குழந்தையையே சொல்லுகிறேன். ஊரடங்கினால் தாங்கள் இழந்தவை இன்னவை என்று பெரியவர்கள் கணக்குச் சொல்ல முடிந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தெருவும், பூங்காவும், அண்டை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நாளில் மறைந்துபோயின என்பது மட்டுந்தான் அதற்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் மழலையர் பள்ளிகள் மீண்டும் திறந்தது 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அந்தக் குழந்தைக்கோ அதுவரை வாழ்ந்த காலத்திற்குச் சமமான காலம்!

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டரை வயதுப் பேத்தி ஒருத்தி இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் இருவரும் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்த்தார்கள். கதவுகள் சாத்தியிருக்கும்; உள்ளே பேச்சுக் கேட்கும்; ஆனால் அவளுக்கு அனுமதி இல்லை. எனவே அடுக்களை எங்கள் இருவருக்கும் பொதுவாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் ரொட்டி மாவு பிசைந்தோம்.

குழந்தை உணவில் கைவிட்டு அளைவது நமக்குப் புதிய காட்சி அன்று. புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசன். பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வம் உடையவனே ஆயினும், நெய்யிட்ட சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு குழந்தை வீட்டில் இல்லையென்றால், அவன் வாழ்நாளுக்குப் பயன் இல்லை என்பது அப்பாட்டின் கருத்து. நாட்டை ஆளும் பொறுப்புடைய ஒருவன் சிந்திய சோற்றில் வாழ்வின் பயனைக் கண்டான். நமக்கோ, மாவு சிந்தியவுடன் துடைப்பந்தான் நினைவுக்கு வருகிறது!

சிந்தும் அந்தச் சிறு கை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் அவர். 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த பகுதியொன்றில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அங்கே குழந்தைகளுக்கு அவர் தந்தவை விளையாட்டுச் சாமான்கள் மட்டும் அல்ல. தண்ணீர் ஊற்றுதல், பெருக்குதல், மேசையில் தட்டு வைத்துப் பரிமாறுதல் ஆகிய மெய்யான வேலைகளையும் தந்தார். குழந்தைகள் சூப்புப் பாத்திரத்தைச் சிந்தாமல் ஏந்திச் சென்று பரிமாறினார்கள்.

இந்த அம்மையாருக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டு இறுதியில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. உடனே பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைப் பகைநாட்டவர் எனக் கருதி, சபையின் தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று கட்டுப்படுத்தியது. அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி, அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் மகன் விடுவிக்கப்பட்டார். ஆயினும் போர் முடியும் வரை தாயும் மகனும் தாய்நாடு திரும்ப இயலவில்லை. இடையில் இரண்டு ஆண்டுகள் அவர்கள் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார்கள். அம்மையாரின் பிற்காலக் கல்விக் கொள்கைகள் பல உருப்பெற்றது அந்த மலையூரில்தான். அடைபட்டிருக்க நேர்ந்த காலத்தை அவர் குழந்தைகளை உற்று நோக்குவதற்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும்.

அவர் வற்புறுத்திய உண்மை ஒன்று உண்டு. பெரியவர் வேலை செய்வது வேலை முடியவேண்டும் என்பதற்காக. இயன்ற வரையில் குறைந்த முயற்சியில், குறைந்த நேரத்தில் முடிக்க விரும்புவார். குழந்தை வேலை செய்வது வேலை செய்யவேண்டும் என்பதற்காக. முடிந்ததையே மறுபடியும் தொடங்கும். பெரியவருக்கு வேண்டியது ரொட்டி. குழந்தையோ ரொட்டியின் வழியாகத் தன்னையே ஆக்கிக்கொள்கிறது.

என் பேத்தியிடம் இதைக் கண்கூடாகக் கண்டேன். ஒரு சிறு டம்ளரில் தண்ணீர் கொடுத்து மாவில் ஊற்றச் சொன்னால், அதை முதலில் கிண்ணத்தில் ஊற்றுவாள், கிண்ணத்திலிருந்து டம்ளருக்கு மாற்றுவாள், மறுபடியும் கிண்ணத்துக்கு. மாவின் நினைவே அவளுக்கு இராது. முதல் வாரத்தில் பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று. நான்காவது வாரத்தில் ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெந்த பன்னை அவளிடம் நீட்டினால், ஒரு கடி கடித்துவிட்டு மீதியை என் கையில் திணித்து, "இன்னும் மாவு!" என்பாள்.

மாவு, இளங்குழந்தைக்கு ஏற்ற ஆசிரியர். அது மூன்று பாடங்களைக் கற்பிக்கிறது.

முதற் பாடம் கைக்கு உரியது. கோதுமை மாவில் உள்ள இருவகைப் புரதங்கள் தண்ணீரில் நனைந்து, பிசையப் பிசைய ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் என்னும் வலைப்பின்னலாகின்றன. அதனால்தான் கையில் பிசுபிசுவென்று ஒட்டிய மாவு பத்து நிமிடத்தில் வழவழப்பாகிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. அரிசி மாவில் குளூட்டன் இல்லை, இழுத்தால் அறுந்துவிடும். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படிக்கும் உங்களுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குழந்தையின் விரல் அதை அறிந்துவிடுகிறது.

இரண்டாம் பாடம் அளவு. ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே குழந்தைகளிடம் ஒரு களிமண் உருண்டையைக் காட்டினார். பிறகு அதையே நீளமாக உருட்டி, மண் அதிகமாயிற்றா, குறைந்ததா, அதேதானா என்று கேட்டார். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் அளவு மாறிவிட்டதாகவே விடை தந்தார்கள். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற உண்மை நமக்குப் பிறவியிலேயே வந்ததன்று. எத்தனையோ முறை உருட்டியும், தட்டியும், கிள்ளியும், சேர்த்தும் பார்த்த கைகளுக்கே அது மெல்ல மெல்ல விளங்குகிறது. என் பேத்தி தட்டையாக்கிய உருண்டையைத்தான் பெரியது என்று எடுத்துக்கொள்வாள். அதைத் திருத்த நான் முற்படவில்லை. அந்த விடையை அவளே மாவினிடம் கேட்டுப் பெறவேண்டும்.

மூன்றாம் பாடம் காத்திருத்தல். ஈஸ்ட் ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. குளூட்டன் வலை அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள, மாவு பொங்குகிறது. நொதித்தல் என்பது இவ்வாறு உயிர்களின் செயல் என்பதைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். இரண்டரை வயதுக் குழந்தைக்கு இவ்வளவும் எப்படிச் சொல்லுவது? கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மாவை வைத்து, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி வைத்தோம். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி வந்து பார்த்தாள். ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு வளையத்தைத் தாண்டிவிட்டது. விரும்பியது உடனே கிடைக்காது, ஆனால் நிச்சயம் வரும் என்பதை அந்த வளையம் அவளுக்குக் காட்டிற்று.

செய்முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதா 300 கிராம், கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீர் சுமார் 180 மில்லி, சர்க்கரையும் உலர்ந்த ஈஸ்ட்டும் ஒவ்வொரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் இறந்துவிடும். மாவைப் பிசைந்து, இரு மடங்காகப் பொங்கவிட்டு, சிறு உருண்டைகளாக்கி, மீண்டும் அரை மணி நேரம் வைக்கவேண்டும். மின்சார அடுப்பு இல்லாவிட்டால் கவலை இல்லை. பழைய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கியின்மேல் தட்டை வைத்துச் சிறு தீயில் சுமார் அரை மணி நேரம் வேகவிடலாம். தீயின் அருகே குழந்தை வரலாகாது. அது பெரியவர் வேலை. பச்சை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக் கூடுமாதலால், அதைக் குழந்தை வாயில் வைக்கவும் விடக்கூடாது. கையைக் கழுவும் வேலையை மட்டும் தொடக்கத்திலும் முடிவிலும் குழந்தையிடமே ஒப்படைக்கலாம். அதையும் அது பத்து முறை செய்யும்!

ஒன்றை மறந்துவிடலாகாது. அதே ஊரடங்கு நாட்களில் வேலையும் கூலியும் இழந்து, குழந்தைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியவர்கள் நம் நாட்டில் ஏராளம். மைதாவும் ஈஸ்ட்டும் வாங்கி விளையாட்டாக ரொட்டி சுடும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் நான் சொல்லும் பொருள் ரொட்டியைப் பொறுத்தது அன்று. சப்பாத்தி மாவில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளிக் கொடுத்தால் போதும். கொழுக்கட்டை பிடிக்கும்போது ஓர் உருண்டை, கீரை ஆயும்போது ஒரு பிடி, பட்டாணி உரிக்கும்போது ஒரு கை. செலவாவது பொருளன்று; பெரியவரின் நேரமும் பொறுமையுமே.

இங்கேதான் இடர்ப்பாடு இருக்கிறது. பெரியவர் அரை மணியில் முடிக்கும் வேலை, குழந்தையும் சேர்ந்தால் ஒன்றரை மணி ஆகும். ஆகவே, "நீ போ, நான் செய்கிறேன்" என்று சொல்லி, குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுவது எளிதாகத் தோன்றுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரை பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியை மிஞ்சலாகாது, குறைவாயின் இன்னும் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டே கதவுகள் அடைபட்டன. அந்த அறிவுரையைக் காப்பாற்றுவது எத்தனை கடினம் என்பதை வேலையும் வீடும் ஒன்றாகிவிட்ட பெற்றோர் அறிவார்கள். அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆயினும், திரை குழந்தையை அமைதியாக்குகிறது. மாவோ குழந்தையைத் தேவைப்பட்டவராக்குகிறது. "உன் கை இந்த வீட்டுக்கு வேண்டும்" என்று சொல்லாமற் சொல்லுகிறது. அடைபட்டுக் கிடக்கும் ஒரு குழந்தைக்கு அதைவிட ஆறுதலான சொல் வேறு இல்லை.

மாணவ மாணவியரே, உங்களில் பலருடைய வீடுகளில் தம்பியோ தங்கையோ, அக்காளின் குழந்தையோ இருக்கக் கூடும். மழைக்காக விடுமுறை விடும் நாட்கள் வரும். காய்ச்சலால் வெளியே போகக் கூடாத நாட்களும் வரும். பெற்றோருக்கு இல்லாத நேரம் அன்று உங்களிடம் இருக்கும். அந்தக் குழந்தையை அருகில் உட்காரவைத்து, ஆண்பிள்ளை என்றும் பெண்பிள்ளை என்றும் பாராமல், ஓர் உருண்டை மாவைக் கையில் கொடுங்கள். அது கோணலாகச் செய்ததை நேராக்காதீர்கள். அந்தக் கோணல் பன்னையும் மற்றவற்றோடு சேர்த்து வேகவைத்து, அதைச் செய்தவர் இன்னார் என்று எல்லோருக்கும் சொல்லிப் பரிமாறுங்கள். பிறகு துடைப்பத்தை எடுக்கலாம். சிறியதாக மற்றொரு துடைப்பம் இருந்தால், அதையும் எடுத்து வையுங்கள்; பெருக்குவதற்கும் அந்தக் குழந்தை வரும்.