சாதனமும் சாரதியும்



1997ஆம் ஆண்டிலே நான் பழைய மோடம் ஒன்றை வாங்கினேன். பிறநாடு சென்றிருந்த என் மூத்த மகன் மின்னஞ்சலில் எழுதத் தொடங்கிய காலம் அது. அவன் கடிதம் உடனுக்குடன் வரும் என்ற ஆவலோடு மோடத்தைக் கணினியிற் பொருத்தினேன். அது தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றத் தொடங்கியதும், மேசைமேலிருந்த சுட்டி அசைவற்று நின்றுவிட்டது. கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கினாற் சுட்டி உயிர் பெறும். மோடத்தைத் தொட்டால் மறுபடியும் அதே கதை. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். "மோடம் எரிந்துவிட்டது ஐயா, புதிது வாங்குங்கள்" என்றார். புதிதின் விலையோ என் ஆசிரியச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி.

மோடம் எரியவில்லை. நடந்தது வேறு.

ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க அதிபர் தம் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். ஒவ்வொரு பகுதியாருக்கும் அவரை அழைக்க ஒரு மணிக்கயிறு உண்டு. எந்த மணி ஒலித்ததோ அந்தப் பகுதிக்கு அவர் எழுந்து சென்று கருமத்தை முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தம் வேலையைத் தொடர்வார். கணினியின் மையச் செயலியும் இவ்வாறே சாதனங்களால் அழைக்கப்படுகின்றது. அந்த மணிக்கயிறுகளே குறுக்கீட்டுக் கம்பிகள் எனப்படுவன. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் அவை 8. 1984இல் வந்த ஏ.ரி. வகையில் 16 ஆயின. அவற்றுள் ஒன்று இரு தொகுதிகளையும் தம்முள் இணைக்கவே செலவாயிற்று. மணிக்கூட்டுக்கு 0, விசைப்பலகைக்கு 1, நெகிழ்தட்டுக்கு 6 என்றவாறு பங்கீடு முடிந்தபின், புதிதாக வருபவருக்கு எஞ்சியவை சிலவே. ஒலி அட்டைகள் பெரும்பாலும் 5ஐப் பிடித்துக்கொண்டன.

தொடர்வாயில்கள் நான்கில் முதலாவதும் மூன்றாவதும் 4ஆம் கம்பியையும், இரண்டாவதும் நான்காவதும் 3ஆம் கம்பியையும் பகிர்வது வழக்கம். என் சுட்டி முதலாவது வாயிலில் இருந்தது. மோடமோ மூன்றாவதாக அமைக்கப்பட்டிருந்தது. இருவர் கையிலும் ஒரே கயிறு! அக்காலக் கம்பிகள் ஒரு சுண்டுதலை மாத்திரமே உணர்வன. இருவர் சுண்டினால் ஒருவர் அழைப்பு மற்றவர் அழைப்பில் மறைந்துபோகும். மோடத்தின் அட்டையில் ஜம்பர் என்னும் சின்னஞ்சிறு மூடி ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி நான்காவது வாயிலுக்குரிய ஊசிகளிற் செருகினேன். இரண்டாவது வாயில் என்னிடம் வெறுமையாகவே கிடந்தமையால் 3ஆம் கம்பிக்குப் போட்டியாளர் எவருமில்லை. அன்றிரவே மகனின் கடிதம் வந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கவே, பொருத்தியவுடன் தானே இடம் ஒதுக்கிக்கொள்ளும் முறை 1995இல் விண்டோஸ் 95 உடன் பரவலாயிற்று. ஆரம்பத்தில் அது எப்போதும் பலிக்கவில்லை. 'பொருத்து, பின் பிரார்த்தனை செய்' என்று ஆங்கிலத்திற் சிலேடை பேசி நகைத்தனர். 1992இல் வந்த பி.சி.ஐ. முறையில், அழைப்பவர் தம் கருமம் முடியும்வரை கயிற்றைப் பிடித்தே இருப்பார். ஆதலின் பலர் ஒரு கயிற்றைப் பகிரவும் முடிந்தது.

ஆகவே இன்று கம்பிப் பிணக்கு அரிது. இன்றைய தொல்லை பெரும்பாலும் இயக்கிகளால் வருவது. ஆங்கிலத்தில் இதனை ட்ரைவர் என்பர். நம் நாட்டில் அச்சொல்லுக்குச் சாரதி என்று பொருள் கொள்கிறோம்; அப்பெயரே இதற்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். வாகனம் நன்றாயிருந்தும் சாரதி அதனை ஓட்டத் தெரியாதவராயின் வண்டி நகராது. இச்சாரதி கணினியின் உட்கருவிலே அமர்ந்திருப்பவர். அவர் தவறினால் முழு இயந்திரமும் வீழும். 2024 யூலை 19ஆம் நாள், பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் இயக்கி பிழையான தரவுக் கோப்பைப் படித்தமையால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. விமானப் பயணங்களும் தடைப்பட்டன. பாதுகாப்பு நிலையிலே கணினியைத் தொடக்கி அக்கோப்பை அகற்றிய பின்னரே பல இயந்திரங்கள் எழுந்தன.

உங்கள் அச்சியந்திரமோ ஒலிக்கருவியோ இயங்காவிடின் முதலிற் செய்யவேண்டியது, தொடக்கப் பொத்தானை வலப்புறமாக அழுத்தி டிவைஸ் மானேஜரைத் திறப்பதாகும். மஞ்சள் நிற வியப்புக்குறி தாங்கிய பெயரே பிழையுள்ளது. அதன் பண்புகளைத் திறந்தால் ஓர் இலக்கம் காட்டும். 28 எனில் இயக்கி நிறுவப்படவில்லை. 12 எனில் வளம் போதவில்லை. பழைய பிணக்கின் வாரிசு இது. 10 எனில் சாதனம் தொடங்க மறுக்கிறது. 43 எனில் சாதனமே பழுது அறிவித்துள்ளது. அப்போது வேறு வடமும் வேறு வாயிலும் கொண்டு சோதித்த பின்னரே காசு செலவிடுக. புதிய இயக்கி வந்த நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருப்பின், பழையதற்கு மீளும் பொத்தானும் அங்கேயே உண்டு.

பெயரறியாத சாதனம் எனில், விவரப் பக்கத்தில் உற்பத்தியாளர் எண் காணப்படும். 8086 என்றிருந்தால் அது இன்ரெல்; அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட செயலியின் பெயரையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. உற்பத்தியாளர் தெரிந்ததும் அவர் தளத்திலிருந்தே இயக்கியைப் பெறுங்கள். எல்லா இயக்கியும் இலவசம் என அழைக்கும் இடங்களை நாடாதீர்கள். உட்கருவில் யாரை அமர்த்துகிறோம் என்பது சிறு விடயமன்று.

2025 ஒக்ரோபரில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தமையால், பலர் விண்டோஸ் 11க்கு மாறியுள்ளனர். அது 64 பிற் வகை மாத்திரமே. 32 பிற் இயக்கி மட்டுமே உடைய பழைய வருடியை அது ஏற்காது. அதற்காக வருடியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்று வீட்டில் இருந்தால் அதிற் பொருத்திப் பாருங்கள். அத்தகைய வருடிகள் பல அங்கே இன்றும் இயங்குகின்றன.