அடிக்கல்லுக்கும் நாடாவுக்கும் இடையில்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலருக்கென்று சேர்த்த பழைய படங்களைப் பார்த்தேன். எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு படங்கள்தான் இருக்கின்றன: ஒன்று அடிக்கல் நாட்டியபோது எடுத்தது, மற்றது நாடா வெட்டியபோது எடுத்தது. இடையில் நடந்த வேலைக்குப் படமே இல்லை. ஆனால், ஒரு செயற்றிட்டம் நிலைப்பதும் குலைவதும் அந்தப் படமில்லாத நாட்களில்தான். நூற்றாண்டு நினைவாகப் பிள்ளைகளுக்கு மலசலகூடத் தொகுதியும் குடிநீர்க் குழாய்களும் அமைக்க அடிக்கல் நாட்டிவிட்டோம். ஆகவே, இனி வரும் நாட்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

எங்கள் கண்முன் நடந்த ஓர் உதாரணம் யாழ்ப்பாணம் – கிளிநொச்சி குடிநீர்த் திட்டம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் எங்கள் கிணற்று நீர். தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே வழியால்தான் இறங்குகின்றன. இதற்குத் தீர்வாக வந்த திட்டத்துக்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவி அளிக்க இணங்கியது. இரணைமடுக் குளத்தின் கட்டை உயர்த்தி, அங்கிருந்து குழாய்வழியே குடாநாட்டுக்கு நீர் கொண்டுவருவதே முதல் எண்ணம்.

கடதாசியில் கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது குடிக்க எப்படிக் கொடுப்பது என்பது அவர்களது கேள்வி. அதுவும் நியாயம், குடிநீர் கேட்ட எங்கள் தாய்மாரின் தேவையும் நியாயம். பிரச்சினை வட மாகாண சபை வரை போய், ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் நீர் பெறும் இடமே மாறியது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்க 2017 இல் மேலதிகக் கடன் கிடைத்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் 2024 ஓகஸ்ட் 2 இல் திறக்கப்பட்டது. கடனுக்கு இணக்கம் கிடைத்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதில் எங்களுக்குள்ள பாடம் என்ன? எங்கள் வேலையில் இரணைமடு விவசாயியின் இடத்தில் இருப்பவர் யார் என்று யோசித்தேன். மதிலுக்கு அப்பால் கிணறு வைத்திருக்கும் வீட்டுக்காரர்தான். எங்கள் வரைபடத்தில் மலக்குழி அந்த மதிலோரமாகவே இருக்கிறது. அவரிடம் நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழி வெட்டிய பிறகு கேட்டால் அது சண்டை. இன்று கேட்டால் அது ஆலோசனை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுவோம். திறப்பு விழாத் திகதி பிந்தினால் பிந்தட்டும்.

மாற்றம் வருவது குற்றமில்லை. அதை வாய்ப்பேச்சில் விடுவதுதான் குற்றம். மேசனிடம் ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொல்லக்கூடாது. பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். என்ன மாறுகிறது, எவ்வளவு செலவு கூடும், எத்தனை நாள் எடுக்கும், யார் சம்மதித்தார்கள் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். சீமெந்து விலை ஏறினாலும் அதிலேயே எழுதுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்பும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பிதான் பதில்.

இன்னொன்று. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் மின்சாரம் உள்ளவரைதான் தண்ணீர் தரும். எங்கள் குழாயும் வாசர் மாற்ற ஆள் உள்ளவரைதான் ஒழுகாமல் இருக்கும். துப்புரவு செய்பவரின் சம்பளத்துக்கும் திருத்த வேலைக்கும் இப்போதே ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலைத்தளத்தில் ஒரு படம் எடுத்து, அந்தக் கிழமைக் கணக்கோடு எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த நூற்றாண்டு மலரைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு படங்களுக்கு மேல் கிடைக்கட்டும்.