பழைய ஐஸ்பெட்டியும் அதனுள் இருக்கும் வாயுவும்



லிங்கியிலும் ரந்தாவிலும் பகாவிலும் இன்று ஐஸ்பெட்டி இல்லாத தோட்டத்து வீடு குறைவு. அது பழுதாகிவிட்டால் கொல்லையில் தள்ளி வைக்கிறோம். பழைய இரும்பு வாங்க லாரி வருகிறது. வந்தவர் அங்கேயே செப்புக் குழாயை வெட்டுகிறார். 'உஸ்' என்று ஒரு சத்தம். நம் கையில் சில வெள்ளி. அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

குழாய்க்குள் அடைபட்டிருக்கும்வரை அந்த வாயுவால் தீங்கில்லை. உள்ளே ஆவியாகும்போது கறி, காயின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பின்பக்கக் கம்பிகளில் அதை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகும். ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருளன்று அது. ஆகவே, 'காஸ் முடிந்துவிட்டது' என்று பழுது பார்ப்பவர் சொன்னால், எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் காஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். நாமும் அதற்குப் பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறோம்!

முன்னாளைய பெட்டிகளில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. வெளியேறினால் சுமார் நூறு ஆண்டுகள் காற்றில் நிற்கும். மேலே ஏறி, வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும். அந்தக் கதிர்கள் அதிகமானால் தோலில் புற்றுநோயும் கண்ணில் புரையும் பெருகும். தென்துருவத்தின் மேல் படலம் மிகவும் மெலிந்திருப்பது 1985இல் தெரியவந்தது. 1987இல் மொன்ரியால் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. மலேசியா 1989இல் சேர்ந்தது. படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது.

பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். அதில் நூறு கிராம், ஏறக்குறைய 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-12 என்றால் அதே நூறு கிராம் ஒரு டன்! ஆர்-134ஏ போன்றவற்றைக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது.

இத்தகைய வாயுக்களைக் கையாள மலேசியாவில் 1999இல் விதிகள் வந்தன, 2020இல் புதுப்பிக்கப்பட்டன. காற்றில் விடாமல், பயிற்சி பெற்றவர் கருவி கொண்டு மீட்டெடுக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஆனால் இரும்பு லாரிக்காரர் விதிப் புத்தகம் படித்துவிட்டா வருகிறார்? கொல்லையில் நிற்பவர்கள் நாம்தான். குழாயை வெட்டாமல் பெட்டியை முழுதாக ஏற்றிச் செல்லும்படி சொல்லலாம்.

இன்னொன்று. பெட்டியின் பின்புறச் சீட்டில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு. அடுப்பருகே வெட்டவே கூடாது. உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தும் தாய்மார்களும் கவனிக்கவேண்டும்: அந்தத் தகட்டுக்குள்தான் குழாய் ஓடுகிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, ஐஸ் தானே உருகட்டும்.